தின்னர் துணி காட்டிக் கூப்பிட்டேன்

ஓசூரில் அன்று என்னை மிஞ்சிய முட்டாள் கிடையாது. பெயின்ட் கம்பெனியில், பெயின்டை இளக்கும் தின்னர் வைக்கிற கிடங்கில் நான் தனி ஆள். என் ஜோக்குக்குச் சிரிக்காத டிரம்கள்தான் பேச்சுத்துணை. தின்னர் ஆவி பரவினால் ஒயர் இல்லாமலே கன்ட்ரோல் ரூமில் மணியடிக்கிற கருவியைச் சுவரில் மாட்டினார்கள். தனிமை தாங்காதபோதெல்லாம் தின்னர் நனைத்த துணியை அதற்குக் காட்டுவேன். கன்ட்ரோல் ரூமில் இருக்கும் அத்திப்பள்ளிக்காரர் முனியப்பண்ணன் மூச்சிரைக்க ஓடி வருவார்.

"வாண்ணா, டீ குடிக்கலாம்" என்பேன். திட்டிக்கொண்டே குடிப்பார்.

ஒருநாள் நிஜமாகவே டிரம் கசிந்தது. கதவை எட்டுவதற்குள் கால்கள் துவண்டன. மணியடித்திருக்கும், இனி யார் நம்புவார்கள் என்று நினைத்தபடியே மயங்கினேன்.

கண் திறந்தபோது வாசலுக்கு வெளியே கிடந்தேன். அவர் மடியில் என் தலை.

"இதுவும் என் விளையாட்டுன்னு நெனைக்கலையாண்ணா?"

"டீக்குன்னு நெனச்சுத்தான்டா ஓடியாந்தேன்."