மனோகரன் வெட்டிய கடைசி வரி

யசோதரா வியாசர்பாடிக்காரி. எண்ணூர் போகும் சாலையில் இருக்கும் எங்கள் கல்லூரியில் என்னோடு ஒளியியல் ஆராய்ச்சி செய்தாள். எல்லாரும் அவளைக் கோபக்காரி என்பார்கள். கோபக்காரி நான்தான். பழிவாங்கத் தெரிந்தவள் அவள்.

பல வழிகளில் வரும் ஒளியை, மொத்த அளவு கூடாமல் குறையாமல் ஒன்றோடொன்று கலப்பதை யூனிட்டரி மாற்றம் என்போம். எவ்வளவு பெரிய மாற்றமானாலும், இரண்டிரண்டு வழிகளைக் கலக்கும் சின்ன ஒளிப்பிரிப்பான்களாக உடைத்துவிடலாம். உடைத்த பிறகு, ஒவ்வொரு வழியிலும் அலையைக் கொஞ்சம் தள்ளிவைக்கும் திருத்தம் ஒன்று மிஞ்சும். பலர் அதை ஒளி வெளியேறும் முனையில் வைப்பார்கள். அங்கே அதை விட்டுவிட்டாலும் அளவீடு மாறாது. இந்தப் பிரிப்பான்களையெல்லாம் பொதித்த எங்கள் சிப்பில் வசதி ஒளி நுழையும் முனையில்தான் இருந்தது. யசோதரா அங்கே வைத்தாள்.

அவளுடைய வருடக்கணக்கான உழைப்பை எங்கள் வழிகாட்டி மனோகரன் சார் தன் பெயரில் மட்டும் கட்டுரையாகப் போட்டுக்கொண்டார். போய்க் கேட்டதற்கு, "கைடு பேர்லதான்மா எல்லாம் வரும்" என்று சிரித்தார். எனக்கு வயிறு எரிந்தது. புகார் கொடு என்றேன்.

"இன்னாத்துக்கு? அந்தத் திருத்தம் கீற கடைசி வரிய தேவையில்லன்னு கட்டுரைல வெட்டிட்டான்டி அந்தாளு. அது வெளிமுனைல கீதுன்னு நெனச்சுகினான். செஞ்சு காட்டுற நாளு வரட்டும் பாரு."

செயல்விளக்கம் பார்க்க வெளியூர் நிபுணர் சுகிர்தம் அம்மா வந்தார். சார் ஒவ்வொரு வழியிலும் தனித்தனியாக ஒளி விட்டுக் காட்டினார். எண்கள் கச்சிதம். கைத்தட்டல் வேறு!

பின்வரிசையிலிருந்து யசோதரா எழுந்தாள். "எதுனா ரெண்டு வழில ஒண்ணா வுட்டுக் காட்டுங்க சார்."

விட்டார். கணக்கு ஒரு பக்கம், திரை ஒரு பக்கம். ஒளி தனியாக வரும்வரை அந்தத் திருத்தம் இல்லாதது தெரியாது, இரண்டு சேர்ந்து வந்தால் குட்டு உடைந்துவிடும். எனக்கு வயிறு குளிர்ந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

"இந்த முறையை உண்மையிலேயே யார் செஞ்சது?" என்றார் சுகிர்தம் அம்மா.

வியர்த்து வழிந்த சார் யசோதராவைக் கைகாட்டினார். "முழுக்க இந்தப் பொண்ணுதான் மேடம்."

அவளுக்கு வேண்டியிருந்ததே அந்த ஒரு சொல்தான். அது இல்லாமல் பட்டமில்லை. ஆமாம் என்று சொல்லி, விட்டுப்போன வரியைச் சேர்த்திருந்தால் எல்லாம் அவளுடையது. சொல்லித் தொலையேன் என்று எனக்குப் பதறியது.

"நான் இல்ல மேடம். கட்டுரைல சார் பேரு மட்டும்தான கீது? அவரையே கேளுங்க" என்று பையை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

பட்டம் போயே போச்சு. இப்போது டோல்கேட் பக்கம் ஒரு கம்பெனியில் இணையக் கேபிள் இணைக்கிறாள். வருத்தமில்லையா என்று போன வாரம் கேட்டேன்.

"கீதே. ஆனா அந்தாளு மூஞ்சி போன போக்கு இருக்குதே, அதுக்கு இன்னொரு பட்டம் இருந்தாலும் வுட்டுருப்பேன்டி."