பிள்ளை பிறந்த வீட்டு நட்சத்திரம்

இல்லை, எங்கள் கிறிஸ்துமஸ் மரத்தின் உச்சியில் தேவதை வைப்பதில்லை. நட்சத்திரம்தான்.

(வாழ்த்து அட்டை பார்த்து வளர்ந்த என் விடுதித் தோழிகள் மன்னிக்கவும்!)

மரம் என்பதும் சற்று மிகை. தேயிலைக்கு நிழல் தரும் சில்வர் ஓக்கில் ஒரு கிளை. மணல் நிரப்பிய பெயின்ட் டப்பாவில் நிற்கும். எந்த வருடமும் நேராக நின்றதில்லை!

ஆனால் நட்சத்திரத்துக்கு ஒரு முறை உண்டு.

தேவிகுளத்துக்கு மேலே எங்கள் எஸ்டேட். ஒரே கூரையின் கீழ் வரிசையாக வீடுகள். அதுதான் லயம். அந்த வருடம் எந்த வீட்டில் பிள்ளை பிறந்ததோ, அந்த வீடுதான் நட்சத்திரத்தை உச்சியில் ஏற்ற வேண்டும். பெத்லகேமில் பிள்ளை இருந்த இடத்தைக் காட்டத்தானே அது வந்தது.

பிள்ளையின் கையைப் பிடித்து நட்சத்திரத்தைத் தொட வைப்பார்கள். அப்பா ஏற்றுவார். அம்மா பெயரைச் சொல்வாள். லயம் முழுக்க அந்தப் பெயரைத் திருப்பிச் சொல்லும். பிறகு டிரம் அடித்துப் பாடிக்கொண்டு முதலில் அந்த வீட்டுக்குத்தான் போகும்.

சாதி, மதம் கேட்பதில்லை. போன வருடம் முருகேசன் அண்ணன் மகன். நெற்றியில் திருநீறு. நட்சத்திரத்தைத் தின்னப் பார்த்தான்!

இந்த வருடம் எங்கள் வீடு. அக்கா.

ஆனி மாதமே முடிவாகிவிட்டது. கொழுந்து எடுக்கப் போகிறவர்கள் அக்காவின் வயிற்றைத் தொட்டுப் பார்த்து, "ஸ்டாரு ஒங்க வீட்டுக்குத்தான்டி" என்று சொல்லிவிட்டுப் போவார்கள்.

ஐப்பசி மழையில் பிள்ளை பிறந்தது. உயிர் இல்லை.

மயக்கம் தெளிந்து அக்கா பிள்ளையைக் கேட்டாள். நர்ஸ் அவள் தலையைத் தடவி, "காணண்டா மோளே" என்றார். பார்க்க வேண்டாமாம். அன்பாகத்தான் சொன்னார். அப்பாவும் அத்தானும் கொண்டுபோய்க் கல்லறைத் தோட்டத்தின் ஓரத்தில் புதைத்தார்கள். பெயர் என்ன என்று யாரும் கேட்கவில்லை.

அதன் பிறகு வீட்டில் அந்தப் பேச்சே இல்லை. வாங்கி வைத்திருந்த சின்னச் சட்டைகள் எங்கே போயின என்று இன்றும் எனக்குத் தெரியாது.

நேற்று நட்சத்திரம் ஏற்றும் நாள். சாயங்காலம், பக்கத்து வீட்டு மேரி அத்தை பின்வாசலில் வந்து நின்றார். அம்மாவிடம் மெல்லச் சொன்னார்.

"மதினி, கீழ லயத்துச் சுதாவுக்குக் கைப்பிள்ள இருக்குல்லா. அதத் தூக்கிட்டு வரச் சொல்லியிருக்கோம். ஒங்க மக காதுல விழ வேண்டாம். பாவம், சங்கடப்படுவா."

"நானும் அதான் நெனச்சேன் மதினி" என்றாள் அம்மா.

லயத்துச் சுவர்கள் எதையும் மறைப்பதில்லை. அக்கா அடுப்படியிலிருந்து வந்தாள். கையில் கரண்டி.

"யாரு அத்தே சங்கடப்படுவா?"

"ஒண்ணுமில்ல பிள்ள. நீ போய் வேலையப் பாரு."

"இந்த வருசம் நம்ம லயத்துல பிள்ள பொறந்த வீடு எது?"

மேரி அத்தை அம்மாவைப் பார்த்தார். அம்மா தரையைப் பார்த்தாள்.

"சொல்லுங்க அத்தே. வயித்தத் தொட்டுத் தொட்டுப் பாத்தீகளே. நான் பெறலியா?"

"பெத்தடி. ஆனா..."

"ஆனாவ நான் பாத்துக்கிடுதேன்."

(அக்கா இவ்வளவு பேசி எத்தனை வாரமாயிற்று!)

அம்மா மெல்லச் சொன்னாள். "கேத வீட்டு ஆளு நல்ல காரியத்துக்கு முன்னால நின்னா நாலு பேரு பேசுவாகடி."

"கேதம்னா ஒரு ஆளு செத்திருக்கணும்லாம்மா. சாகணும்னா அது மொதல்ல பொறந்திருக்கணும்லா. ரெண்டுல ஒண்ணச் சொல்லுங்க."



குறியீடு என்றால் என்ன என்று பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். (நல்ல மார்க்!) நேற்று எனக்கு ஒரு சொல் வரவில்லை.

அக்கா சேலையை மாற்றிக்கொண்டு இறங்கினாள்.

மரத்தருகே பேச்சு நின்றது. டிரம் நின்றது. சுதா வந்திருந்தாள். இடுப்பில், குரங்குக் குல்லாய் போட்ட கொழுகொழு பிள்ளை. பதறிப்போய்ப் பிள்ளையை நீட்டினாள்.

"அக்கா, வேணும்னா இவன் கையத் தொட வச்சு..."

"ஒங்க லயத்துல மரம் இருக்குல்லா. இவன் அங்க தொடட்டும்."

கோபமாக அல்ல. அவன் கன்னத்தைக் கிள்ளிவிட்டுத்தான் சொன்னாள்.

அத்தான் ஸ்டூல் போட்டு ஏறினார். நட்சத்திரத்தைக் கையில் வாங்கிக்கொண்டார். பிறகு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார். தொட வைக்க ஒரு கை இல்லை.

அக்கா அதை அவரிடமிருந்து வாங்கினாள். தன் வலது விலாவுக்குக் கீழே வைத்து அழுத்தினாள்.

"இங்கதான் மிதிச்சுக்கிட்டே கெடந்துச்சு."

அட்டை நட்சத்திரம். ஒரு முனை மடங்கிவிட்டது. யாரும் நிமிர்த்தவில்லை. அத்தான் அப்படியே ஏற்றினார்.

அடுத்தது பெயர்.

லயமே தலைகுனிந்து நின்றது. அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"லிடியா" என்றாள் அக்கா.

அந்தப் பெயர் எங்களில் யாருக்கும் தெரியாது. அத்தானுக்கும் தெரியாது. பிறந்தது பெண் என்பதையே பலர் அப்போதுதான் அறிந்தார்கள்.

யாரும் சொல்லப் போவதில்லை என்று நினைத்துவிட்டேன்.

மேரி அத்தைதான் முதலில். "லிடியா."

பிறகு முருகேசன் அண்ணன். பிறகு சுதா. பிறகு எல்லோரும், முன்னும் பின்னுமாக, சேராமல்.

அத்தான் ஸ்டூலிலிருந்து இறங்கவில்லை. அங்கேயே நின்று அழுதார்.

அக்கா அழவில்லை.

"இன்னொரு தரம் சொல்லுங்க" என்றாள்.

சொன்னார்கள். இந்த முறை சேர்ந்து. அம்மாவும்.

டிரம் மறுபடி தொடங்கியது. கூட்டம் எங்கள் வீட்டுப் பக்கம் திரும்பியது.

நான் முன்னால் ஓடி, பாட வருகிறவர்களுக்குப் பாலில்லாத கட்டன் சாயா போட அடுப்பில் தண்ணீர் வைத்தேன்.