பரணிதரனின் காது

ஸ்குரூடிரைவரின் முனையைத் தையல் மிஷின்மேல் ஊன்றி, கைப்பிடியைக் காதில் வைத்துக் கண்ணை மூடிக்கொள்வான் பரணிதரன். ஆம்பூர்ப் பக்கத்து ஷூ கம்பெனி ஒன்றில் அவன் மெக்கானிக். "உள்ள யாரோ பல்லைக் கடிக்கிறாங்க, கழட்டு" என்பான். கழற்றினால் பெரும்பாலும் ஒரு பல்சக்கரம் தேய்ந்திருக்கும்.

வீட்டுக்கு வந்தாலும் அந்தக் காது சும்மா இராது. சட்டைப் பையில் எப்போதும் ஒரு சின்ன எண்ணெய்க் குப்பி. எல்லாச் சட்டைகளிலும் நெஞ்சுக்கு நேரே ஒரு கறை. கல்யாணத்துக்குப் போனால் பந்தியில் உட்காருமுன் மண்டபத்து மின்விசிறியை அண்ணாந்து பார்த்து, "பேரிங் போய்ட்ச்சி" என்று வருத்தப்படுவான். மாமனார் வீட்டு கேட்டுக்கு அவரைக் கேட்காமலே எண்ணெய் விட்டான். "யார் வர்றாங்க, யார் போறாங்கன்னே தெரியல மாப்ள" என்று அவர் ஒரு வாரம் புலம்பினார்.

அதே கம்பெனியில் ஷூவின் மேல்பாகம் தைக்கிறவள் அவன் மனைவி தமிழினி. பேறுகால விடுப்பு முடிந்து அவள் வேலைக்குத் திரும்ப வேண்டும். பகலில் குழந்தையை வைத்துக்கொள்வதற்காகவே, தையல் நின்றபின் மிஷின்களைச் சரிபார்க்கும் சாயங்கால வேலையை அவன் கேட்டு வாங்கியிருந்தான். பால் புட்டி, ஈரத்துணி எல்லாம் பழகிவிட்டது. மகள்தான் பழகவில்லை. அவன் தூக்கினால் முதுகை வில்லாக வளைத்துக் கத்துவாள். அந்த அழுகையையும் தலை சாய்த்துக் கேட்பான்.

"இது பசி இல்ல தமிழு. பேஜாரு."

"இன்னா பேஜாரோ. இப்டி அழுதுனே இருந்தா நான் எப்டிங்க போறது? வேலையே வேணான்னு எழுதிக் குடுத்துர்றேன்" என்றாள் அவள். சொல்லிவிட்டு, கம்பெனிக்குப் போட்டுப்போகும் நீலக் கோட்டைத் துவைத்து இஸ்திரியும் போட்டு வைத்தாள்.

பக்கத்து வீட்டு வஜீதா, தன் பிள்ளைகள் வளர்ந்துவிட்டதால் சும்மா கிடந்த பேபி சீட்டைக் கொண்டுவந்து கொடுத்தாள். வளைந்த இரும்புக் குழாயில் துணி கட்டி, இடுப்புக்கு பெல்ட் வைத்தது. தரையில் வைத்துக் காலால் லேசாக அழுத்தினால் கிறீச், கிறீச் என்று ஆடும். குழந்தை அதில் சாய்ந்தபடி விரலைச் சூப்பிக்கொண்டு அப்பா முகத்தைப் பார்த்தது. அழவே இல்லை. தமிழினி இரண்டு முறை எட்டிப் பார்த்தாள். பிறகு போய் நிம்மதியாகத் தலைக்குக் குளித்தாள்.

அந்த வாரம் முழுக்க அப்படியே போயிற்று. அவள் வேலைக்குக் கிளம்ப வேண்டியதற்கு முந்தைய நாள், ஞாயிற்றுக்கிழமை மாலை, பரணிதரனால் பொறுக்க முடியவில்லை. மகளைத் தமிழினியிடம் கொடுத்துவிட்டு, சீட்டின் இரண்டு மூட்டுகளுக்கும் எண்ணெய் விட்டான். சத்தமில்லாமல் பூப்போல ஆடியது.

"இப்ப பாரு" என்று மகளை உட்காரவைத்து ஆட்டினான். அவள் எதையோ காணோம் என்பதுபோல அங்குமிங்கும் பார்த்தாள். உதடு பிதுங்கியது.

அலறல் கேட்டு ஓடிவந்த வஜீதா தலையில் அடித்துக்கொண்டாள். "யா அல்லா! அந்தச் சத்தத்துக்குத்தான தம்பி எம்புள்ளைங்க அடங்குனதே! உன்ன யாரு எண்ண வுடச் சொன்னது?"

தமிழினி மகளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு அவனுக்கு முதுகைக் காட்டி நின்றாள். அது இன்னும் மோசமாக இருந்தது.

பரணிதரன் மூட்டுகளைத் துடைத்தான், சோப்புப் போட்டுக் கழுவினான், சாக்பீஸ் தூளைக்கூடத் தடவிப் பார்த்தான். ஒரு பொருளைச் சத்தம் போடவைக்க அவன் பாடுபட்டது அதுவே முதல் முறை. எண்ணெய் நன்றாக இறங்கியிருந்தது.

மறுநாள் காலை கம்பெனி பஸ் வரும் நேரத்துக்குச் சரியாகக் குழந்தை தொடங்கிவிட்டது. பெல்ட்டை மாட்டி, காலால் சீட்டை ஆட்டிப் பார்த்தான். அழுகை ஏறியது. சற்று யோசித்தவன், பல்லிடுக்கில் காற்றை இழுத்து, தானே கிறீச்சிட்டான். சீட் தாழும்போது நீளமாக ஒன்று, எழும்போது குட்டையாக ஒன்று; அந்த வித்தியாசம் அவன் காதுக்குத்தான் தெரியும். அழுகை விக்கலாகி, விக்கலும் நின்றது. குழந்தை அவன் வாயையே பார்த்தது.

தமிழினி கோட்டின் பொத்தானைப் போட்டபடி வாசலில் நின்றாள். "பஸ்ஸு வந்துட்ச்சிங்க. போவட்டா?"

வாயைத் திறந்தால் சத்தம் அறுந்துவிடும். பரணிதரன் காலை நிறுத்தாமல், அவள் பக்கம் திரும்பாமல், கையை மட்டும் தூக்கிப் போ, போ என்று ஆட்டினான்.