மூன்று பக்கமும் சுரண்டிய மரங்கள்

இதை எழுத வேண்டும் என்று நினைத்து நினைத்தே பல வருஷம் ஓடிவிட்டது. ஒவ்வொரு தைப்பூசத்திலும் இந்த ஆண்டு எழுதிவிடுகிறேன் என்று முருகனிடம் சொல்வேன். அவனும் பொறுமையாகக் கேட்டுக்கொள்வான். இதில் வருகிற ஒருவர் இன்றும் வெள்ளிக்கிழமைகளில் கோயிலில் என் பக்கத்தில் நின்று திருநீறு வாங்குகிறார். அது ஒரு தயக்கம். ஆறாம் வகுப்போடு பால்வெட்டப் போனவன் படித்தவர்களைப் பற்றி எழுதலாமா என்பது இன்னொன்று.

எழுபதுகளில் பீடோர் ஊர்ப் பக்கம் எங்கள் குடும்பம் பால் வெட்டிய ரப்பர் தோட்டத்தைத் துண்டு துண்டாக விற்றார்கள். நானும் மூன்று ஏக்கர் வாங்கி, புதிதாக ரப்பர் கன்று நட்டேன். அப்போது நான் பால்வெட்டை விட்டிருந்தேன்; வாரம் முழுதும் பத்து காஜா ஊர் ஆஸ்பத்திரியில் அரசாங்க வேலை, ஞாயிற்றுக்கிழமை மரங்களோடு. இன்னும் ஒரு வருஷத்தில் பால் வெட்டலாம் என்றிருந்தபோது, பக்கத்து நிலத்து லாலாங் புல்லில் பிடித்த தீ என் மரங்களுக்குள் புகுந்தது. பாதி மரங்களில் ஒரு பக்கத்துப் பட்டை கருகிப்போனது.

நல்லவேளையாகக் காப்புறுதி எடுத்திருந்தேன். தீயில் செத்த மரத்துக்கு இழப்பீடு உண்டு, பிழைத்த மரத்துக்குக் கிடையாது. எது செத்தது, எது பிழைத்தது என்று பார்க்க மூன்று பேர் வர வேண்டும்: காப்புறுதி ஏஜெண்டு, விவசாய இலாகா அதிகாரி, சேதத்தை மதிப்பிடும் ஐயா. மூவருக்கும் ஈப்போவில் ஒரே சாலையில் ஆபீஸ். ஒரே கடையில்தான் தேத்தண்ணி குடிப்பார்கள். ஆனாலும் ஒன்றாக வந்தால் ஒருவருடைய அறிவு மற்றவர் மேல் ஒட்டிக்கொள்ளும் என்று பயந்தார்களோ என்னவோ, தனித்தனியாகவே வந்தார்கள்.

முதலில் ஏஜெண்டு.

"அண்ணே, பட்டையக் கொஞ்சம் சுரண்டிப் பாக்கணும். கத்தி இருக்கா?"

என் பால்வெட்டுக் கத்தியைத் தீட்டியே கொடுத்தேன். மேல்தோலை நகத்தளவு கீறினாலே மரத்தில் உயிர் இருக்கிறதா என்று தெரிந்துவிடும். அவரோ மரத்துக்கு மரம் கருகாத பக்கமாகப் பார்த்து, நெஞ்சுயரத்தில், உள்ளங்கை அகலத்துக்குக் கட்டை தெரியும் வரை உரித்தார்.

"பச்சையா இருக்குலா. மரம் பொழைச்சிக்கும். சாமி ஒங்க பக்கம்ணே."

சாமி என் பக்கம் இருந்தார். பட்டைதான் இல்லை.

மூன்று வாரம் கழித்து விவசாய இலாகாவிலிருந்து ஒரு மலாய்க்காரர் வந்தார். ஏஜெண்டு உரித்த இடத்தைக் காட்டினேன். முன்பு இன்னொருவர் உரித்த இடத்தில் பார்த்தால் சரியாக வராது என்று, அதே உயரத்தில் கருகிய பக்கத்தைத் தேர்ந்தெடுத்தார். கத்தி கேட்டார், கொடுத்தேன். "சுடா மாத்தி," செத்துவிட்டது என்று தலையை ஆட்டினார்.

கடைசியில் மதிப்பிடும் ஐயா வந்தார். யாழ்ப்பாணத்து வம்சம், சலவைக் கால்சட்டை.

"ரெண்டு பேரும் ரெண்டு கதை எழுதியிருக்கினம். நான் என்ர கண்ணால பாத்தாத்தான் நம்புவன்."

மிச்சமிருந்த பக்கத்தை, அதே கத்தியால் உரித்து, அவர் கண்ணால் பார்த்தார். தேத்தண்ணி கொண்டுவந்த என் மனைவி காதோரம் சொன்னாள்: "ஏங்க, சுத்தி உரிச்சா மரம் என்னத்த வச்சுப் பொழைக்கும்? சொல்லக் கூடாதா?"

"படிச்சவங்களுக்குத் தெரியும். சும்மா இரு," என்றேன்.

அவர்களுக்குத் தெரிந்த லட்சணம், பிழைக்க வேண்டிய மரங்களும் இரண்டு மாதத்தில் செத்தன. ஐயா மறுபடி வந்து சுற்றிப் பார்த்தார்.

"இது நெருப்புச் செய்த வேலையில்லை. கத்தி செய்த வேலை. ஆற்ற கத்தி?"

"என்னோடதுதாங்கய்யா. ஆனா சுரண்டினது நீங்க மூணு பேரும்."

"நான் ஒரு பக்கம்தான் சுரண்டினனான். மற்றவையின்ர அறிக்கையில கத்தி எண்டு ஒரு சொல்லும் இல்லை."

இழப்பீட்டுக்கு ஆசைப்பட்டு நானே மரங்களைக் கொன்றேன் என்று எழுதப்போவதாகச் சொன்னார். அது போலீசுக்குப் போனால் ஆஸ்பத்திரி வேலையும் போகும், கோயிலில் தலை நிமிர்ந்து நிற்கவும் முடியாது. ஏஜெண்டிடம் ஓடினேன்.

"நான்தான் உரிச்சேன்னு எழுதிக் குடுத்தா ஆபீசுல என்னைய உரிச்சிருவாங்க. நீங்க வேற, அண்ணே."

மலாய்க்காரர் அதற்குள் பாரிட் புந்தாருக்கு மாற்றலாகியிருந்தார். லீவு போட்டுவிட்டு, கந்தசஷ்டிக் கவசத்தை முணுமுணுத்துக்கொண்டே பஸ்ஸில் போனேன். வயல் வரப்பில் கால்சட்டையை மடித்துவிட்டு நின்றவர், என் அரைகுறை மலாயைப் பாதிதான் கேட்டார். மோட்டார் சைக்கிள் சீட்டின் மேல் தாளை வைத்து எழுதினார்: கத்தியை நான் இரவல் வாங்கினேன், ஒரு பக்கம் உரித்தேன், அப்போதே இன்னொரு பக்கம் உரிந்திருந்தது, அது ஏஜெண்டு பார்த்த இடம் என்று உரிமையாளர் அன்றே சொன்னார். கையெழுத்துப் போட்டார். அவ்வளவுதான். காலில் விழவும் தயாராகப் போயிருந்தேன், தேவைப்படவில்லை.

அந்தத் தாளை ஐயா இரண்டு முறை படித்தார். பிறகு போனை எடுத்தார். "தம்பி, தேத்தண்ணிக் கடைக்கு ஒருக்கா வாரும்." ஏஜெண்டு வந்து, கடிதத்தைப் பார்த்து, தேத்தண்ணி ஆறுவதற்குள் ஒப்புக்கொண்டார். எனக்கு இரண்டு மாதம் தூக்கம் போன விஷயம், எதிரெதிரே உட்கார்ந்ததும் கால் மணி நேரத்தில் முடிந்தது.

ஐயாவுக்கு அங்கேயே ஞானம் பிறந்தது. "நாங்கள் மூண்டு பேரும் ஒரே நாள் போயிருந்தா ஒரு கீறலோட முடிஞ்சிருக்கும், என்ன?"

"ஆமாங்கய்யா," என்றேன்.

என் மேல் இருந்த பழி நீங்கியது. தீயில் செத்த மரங்களுக்கு இழப்பீடு வந்தது. உரித்ததால் செத்தவற்றுக்கு? "பாலிசியில தீ எண்டுதான் கிடக்கு. எங்களைப் பற்றி ஒண்டுமில்லை," என்றார் ஐயா. அந்த இடத்தில் மீண்டும் கன்று நட்டு, முதலிலிருந்து வளர்த்தேன்.

அந்த மலாய்க்காரர் பெயருக்கு ஒருமுறை அர்ச்சனை செய்யச் சொன்னேன். குருக்கள் நட்சத்திரம் கேட்டார். தெரியாது, நல்ல மனுஷர் என்றேன். அவரும் அப்படியே சொல்லி மந்திரத்தை முடித்தார்.

இதைப் படிப்பவர்கள் நாலு பேருக்குச் சொல்லுங்கள். சொல்லும்போது கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். ஏஜெண்டைத் திருடனாக்காதீர்கள், அவர் பயந்தவர், அவ்வளவுதான். முக்கியமாக, என்னை அப்பாவியாக்கி விடாதீர்கள். சுற்றி உரித்தால் மரம் சாகும் என்று அந்த இடத்தில் தெரிந்தவர்கள் நானும் என் மனைவியும்தான்; அவள் வாயையும் நான் அடைத்தேன். மூன்று முறையும் கைகட்டி நின்றுகொண்டிருந்தேன்.