கோமதி வளர்த்த ஈக்கள்

கோமதி இறந்துவிட்டார் என்று அவருடைய தம்பி லேக் கார்டன்ஸ் வீட்டிலிருந்து போன் செய்தபோது, நான் பவானிபூரில் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். "காலைல மூச்சு முட்டுதுன்னு சொன்னா. டாக்டர் வர்றதுக்குள்ள முடிஞ்சிருச்சு" என்றார். வந்த பஸ்ஸை விட்டேன். அடுத்ததையும் விட்டேன்.

துறைமுக ஊழியரின் மகளாகத் திருநெல்வேலியிலிருந்து கல்கத்தாவுக்கு வந்தவர் அவர். எங்கள் கல்லூரி விலங்கியல் துறையில் பல ஆண்டுகள் அடுத்தடுத்த மேசையில் வேலை பார்த்தோம். மாணவர்களுக்கு அவர் கோமதிதி, அதாவது கோமதி அக்கா. பெரிய கோபக்காரர், அவரை அறிந்த யாரிடமும் அதை மறைக்க முடியாது. சோதனையில் எண்ணிய ஈக்களின் கணக்கைத் திருத்தி எழுதிய ஒரு மாணவன் கண்முன்னே அவனுடைய நோட்டைக் கிழித்து, கண்ணாடிக் குவளையைச் சுவரில் அடித்தார். "ஈ பொய் சொல்லாது. நீ ஏன் சொல்ற?" என்றார்.

தொண்ணூறுகளின் கடைசியில் நகரத்தின் கிழக்கு ஓரத்தில், பழைய பாட்டரிகளை உடைத்து ஈயம் உருக்கும் கொட்டகைகள் இருந்தன. அங்கே பழ ஈக்களைப் பிடித்துவந்து பாட்டில்களில் வளர்த்தார். அவற்றின் சந்ததிக்குச் சுத்தமான உணவுதான் கொடுத்தார். ஆனாலும் ஈயத்தைக் கண்டே இராத நான்காம் தலைமுறை குறைவாக முட்டையிட்டது. பறக்க முடியாமல் கண்ணாடியில் மோதி விழுந்தது. வெளியூர் ஆய்வகம் ஒன்றுக்கு அனுப்பிச் சோதித்தபின் என்னிடம் சொன்னார்: "மரபணுவோட எழுத்து மாறல. எதைப் படிக்கணும், எதை மூடி வைக்கணும்ங்கிற அடையாளம்தான் மாறியிருக்கு. பாட்டி தின்ன விஷம் பேத்தி உடம்புல வேலை செய்யுது."

அதை அதிகாரிகளுக்கு எழுதினார். ஒரு கொட்டகையை மூடினார்கள்.

மூன்றாம் நாள் மதியம் ஐந்து பேர் இரும்புக் கம்பிகளோடு மாடியேறி வந்தார்கள். நான் பக்கத்து இருட்டறையில் படச்சுருள் கழுவிக்கொண்டிருந்தேன். "கோமதி யார்?" என்று வங்க மொழியில் ஒருவன் கேட்டான். "நான்தான்" என்றார். பாட்டில்கள் உடையத் தொடங்கின. "அதைத் தொடாதே" என்று கத்தினார். பிறகு கம்பி எலும்பில் விழும் சத்தம். நான் உள்ளே தாழ் போட்டுக்கொண்டேன்.

வெளியே வந்தபோது தரை முழுக்கக் கண்ணாடியும் ஈக்களுக்கு வைத்த உணவுக் கூழும் நசுங்கிய ஈக்களும் ரத்தமும். அவருடைய வலது கை முழங்கைக்குக் கீழே வேறு திசையில் திரும்பிக் கிடந்தது. வாயில் இருந்த ரத்தம் அவருடையது மட்டுமல்ல. ஒருவனின் காதைக் கடித்துக் கிழித்திருந்தார்.

அந்தக் காதை வைத்தே அவனைப் பிடித்தார்கள். மூடிய கொட்டகையில் ஈயம் உருக்கியவன். கட்டுப் போட்ட கையோடு காவல் நிலையத்தில் அவனைப் பார்த்த கோமதி, "அடிச்சது இவன்தான், எழுதிக்கோங்க" என்றார். உடம்பில் ஈயம் ஏறியவர்களுக்குப் போல அவனுடைய மணிக்கட்டு தொங்குவதைக் கவனித்துவிட்டு, "இவன் ரத்தத்தையும் சோதிக்கணும். ஈயம் இருக்கும். அதையும் எழுதுங்க" என்றார். அதிகாரி சிரித்தார். அவர் எழுதும்வரை கோமதி இடது கையால் மேசையைக் குத்திக்கொண்டே இருந்தார்.

ஈயம் இருந்தது. அவன் சிறைக்கும் போனான். நீதிமன்ற வாசலில் குழந்தையோடு நின்ற அவன் மனைவி கோமதியின் முகத்தில் துப்பினாள். துடைத்துக்கொண்டு, "நாளைக்குக் குழந்தையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வா. அதுக்கும் சோதிக்கணும்" என்றார். அவள் வந்தாள்.

ஈக்கள் ஒன்றுகூட மிஞ்சவில்லை. நிமிராத கையோடு முதல் தலைமுறையிலிருந்து மறுபடி தொடங்கினார். நான் பாட்டில் கழுவிக் கொடுத்தேன். ஐந்தாம் தலைமுறையிலும் அதே முடிவு வந்த நாளில், ஜாதவ்பூர் டீக்கடை ஒன்றில் அவரிடம் சொன்னேன்: "அன்னிக்கு நான் உள்ளேதான் இருந்தேன்."

"தெரியும். தாழ்ப்பாள் சத்தம் கேட்டுச்சு."

டீயைக் குடித்து முடித்துக் கிளாஸைக் கீழே வைத்தார். பிறகு, "உங்க மேல எனக்கு இன்னும் கோபம் இருக்கு. போகாது" என்றார். "நாளைக்குச் சீக்கிரம் வாங்க. ஆறாவது தலைமுறை வெளிய வருது."

மன்னிப்பை அவர் கடைசிவரை தரவில்லை. அந்தக் கோபத்தோடேயே என் பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்தார். அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்தக் கோபத்தைத்தான்.