எங்கும் ஓடும்

படத் தகட்டின் பெட்டி கைக்கு வந்ததும் அவர் முன்பக்கத்தைப் பார்ப்பதில்லை. அங்கே கதாநாயகன் எவ்வளவு பெரிய துப்பாக்கியை நீட்டிக்கொண்டிருந்தாலும் சரி, நேரே பின்பக்கம் திருப்பிவிடுகிறார். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கீழ்மூலையை ஜன்னல் வெளிச்சத்தில் பிடிக்கிறார். நகத்தளவு ஒரு பூகோள உருண்டை. அதன்மேல் ஏ, பி, சி மூன்றில் ஏதோ ஓர் எழுத்து. "இது அச்சடிச்சவன் சொல்றது. உள்ள இருக்கிறவன் என்ன சொல்றான்னு கேப்போம்" என்று தகட்டை விளிம்பில் பிடித்து எடுத்து, ப்ளேயர் நீட்டிய நாக்கில் வைக்கிறார்.

தெருவில் அவருக்குச் சிடிக்காரர் என்று பெயர். "சிடி இல்லைங்க, ப்ளூ-ரே. சிடியோட பேரன்" என்று திருத்திப் பார்த்தார். "சரிங்க சிடிக்காரரே" என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள்.

படக் கம்பெனிக்காரர்கள் உலகத்தை மூன்றாகப் பங்கு போட்டிருக்கிறார்கள். ஒரு பங்கில் விற்ற தகடு இன்னொரு பங்கின் ப்ளேயரில் ஓடாது. இது உங்கள் பகுதிக்கானது அல்ல என்று திரையில் ஒரு வரி வந்து நிற்கும், அவ்வளவுதான். ஆனால் எல்லாரும் பூட்டுவதில்லை. எழுத்தை அச்சடித்துவிட்டு உள்ளே திறந்து போட்டவர்களும் உண்டு. எது பூட்டியது, எது திறந்தது என்று போட்டுப் பார்த்தால்தான் தெரியும். அந்தப் போட்டுப் பார்க்கிற வேலைதான் அவர் பிழைப்பு. கடல் தாண்டி இருக்கிறவர்கள் அவரிடம் வாங்குவது அதற்காகவே. மற்ற வியாபாரிகள் 'ஓடலாம்' என்று எழுதுவார்கள். இவர் 'போட்டுப் பார்த்தது. எங்கும் ஓடும்' என்று எழுதுவார். பூட்டியிருந்தால் அதையும் எழுதிவிடுவார்.

முன்னறையில் இரண்டு ப்ளேயர்கள். ஒன்று உள்ளூரில் வாங்கியது. மற்றது வெளிநாட்டிலிருந்து சொந்தக்காரர் ஒருவர் மூலம் வரவழைத்தது. இதற்கு மாப்பிள்ளை என்று பெயர் வைத்திருக்கிறார். "மாப்பிள்ளை சம்மதிச்சுட்டா பொண்ணை அனுப்பிடலாம்" என்பார். காற்றுக்குமிழ் உறையோடு பக்கத்தில் உட்கார்ந்து பொட்டலம் கட்டும் மனைவி, "உங்க மாப்பிள்ளைக்கு ஒரு பொண்ணு போதாதே, ஒரு நாளைக்கு நாலு பேரைப் பாக்கறானே" என்பாள்.

ஆனால் படத்தைப் பார்ப்பதில்லை. கம்பெனியின் முத்திரை வரும், எச்சரிக்கை வரும், இசையோடு முகப்புப் பக்கம் வரும். உடனே வெளியே எடுத்துவிடுவார். "படத்தோட வாசல் வரைக்கும்தான் நமக்கு வேலை. உள்ள என்ன சண்டை நடந்தா நமக்கென்ன?" ஆயிரக்கணக்கான படங்களின் வாசலைப் பார்த்தவர். எந்தக் கதையையும் கேட்டால் கையை விரிப்பார்.

போன வருடம் மாப்பிள்ளையின் நாக்கு உள்ளே சிக்கிக்கொண்டது. மனைவியின் தம்பி மெக்கானிக். எடுத்துப்போய்ச் சரிசெய்து கொண்டுவந்து வைத்தான். அதிலிருந்து மாப்பிள்ளை எந்தப் பெண்ணையும் வேண்டாமென்று சொல்லவில்லை. முன்பெல்லாம் பத்தில் பாதியையாவது திருப்பி அனுப்பியவன், போட்டதையெல்லாம் ஏற்றுக்கொண்டான். சிடிக்காரருக்குச் சந்தேகம் வரவில்லை. பெருமைதான் வந்தது. "வெளிநாட்டுல இருக்கிற நம்மாளுங்க கம்பெனிக்காரனுக்குத் திட்டித் திட்டி எழுதினாங்கல்ல? புத்தி வந்துடுச்சு. இப்பல்லாம் பூட்டே போடுறதில்ல" என்று பார்சல் அலுவலகத்தில்கூடச் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஓடவில்லை என்று அவ்வப்போது யாராவது சொன்னார்கள். அவர்களுக்கென்று அவரிடம் தயார் பதில்கள் இருந்தன. லென்ஸைத் துடையுங்கள். வயரை மாற்றுங்கள். ப்ளேயர் பழசாக இருக்கும். "நான் போட்டுப் பாத்துதாங்க அனுப்பினேன்" என்று கடைசியில் ஒன்று. அதற்குமேல் யாரும் பேசியதில்லை.

வெளிநாட்டிலிருந்து வாங்குகிறவர்களில் ஒருத்திக்கு நன்றியம்மா என்று பெயர் வைத்திருந்தார். எதற்கெடுத்தாலும் நன்றி அண்ணா, நன்றி அண்ணா என்பாள். நெடுநாள் வாடிக்கை, நேரில் பார்த்ததில்லை. ஒருநாள் போன் செய்து ஒரு பழைய படத்தைக் கேட்டாள். அவள் அப்பா இளவயதில் துணை நடிகராக இருந்தவராம். அந்தப் படத்தின் ரயில் நிலையக் காட்சியில் தலையில் மூட்டையோடு குறுக்கே நடந்து போவாராம். அவள் வீட்டில் இருந்த பழைய காப்பியில் முகம் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு வெள்ளைத் திட்டுதான். இப்போது சுத்தம் செய்து வெளியிட்ட ப்ளூ-ரேயில் கண், மூக்கு எல்லாம் தெரிகிறது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"அம்மாவுக்குக் கண்ணு மங்கிக்கிட்டே வருதுண்ணா. நரம்பு, ஒண்ணும் பண்ண முடியாதுன்னுட்டாங்க. இருக்கிற பார்வையில ஒரு தடவை அவர் மூஞ்சியப் பாத்துடறேன்னு சொல்றாங்க. இங்க ஓடுமாண்ணா?"

"என் வார்த்தைய நம்பி வாங்கும்மா. ஓடும்."

மாப்பிள்ளை சம்மதித்திருந்தான். முகப்புப் பக்கத்தின் பின்னணியிலேயே ஒரு ரயில் ஓடியது. சிடிக்காரர் தகட்டை எடுத்து உறையில் போட்டார்.

ஓடவில்லை என்று அவள் சொன்னபோது லென்ஸைத் துடைக்கச் சொன்னார். துடைத்தாள். வயரை மாற்றச் சொன்னார். மாற்றினாள். "அப்ப உங்க ப்ளேயர்தாம்மா ஓட்டை. எத்தனை வருஷத்துப் பழசு அது?" என்று கொஞ்சம் சலித்துக்கொண்டார். சில வாரங்கள் சத்தமில்லை. பிறகு ஒரு மாலை குரல் பதிவு அனுப்பினாள். "மன்னிச்சுக்குங்கண்ணா, உங்களைத் திரும்பத் திரும்பத் தொந்தரவு பண்றேன். புது ப்ளேயர் வாங்கிட்டேன். அதுலயும் ஓடலை. எனக்குத்தான் சரியா மாட்டத் தெரியலை போல. எப்படி மாட்டணும்னு கொஞ்சம் சொல்லித் தர்றீங்களா? நன்றிண்ணா."

ஏணி இரவல் கேட்டு வந்திருந்த மச்சான் சாப்பாட்டுத் தட்டோடு உட்கார்ந்திருந்தான். சிடிக்காரர் குரல் பதிவை அவனுக்கும் போட்டுக் காட்டினார். "பாரு, ஒரு வயரைச் சொருகத் தெரியலை இவங்களுக்கு."

மச்சான் சிரித்தான். "வயர் என்ன பண்ணும் அத்தான்? அந்த ஊர் ப்ளேயர்ல நம்ம ஊர் டிஸ்க் எப்படி ஓடும்?"

"இதோ, இதுல ஓடுச்சே. இதுவும் அந்த ஊர்தானே?"

"இதுல எது போட்டாலும் ஓடும். நான்தான் பூட்டை எடுத்துட்டேனே."

"எப்ப?"

"நாக்கு சிக்கிச்சுன்னு கொடுத்தீங்களே, அப்பதான். உள்ள சின்னதா ஒரு போர்டு வெச்சேன். நம்ம அத்தானாச்சே, எந்த ஊர்ப் படம் வேணாலும் உக்காந்து பாக்கட்டும்னு. அக்காகிட்டச் சொன்னேனே?"

"இனிமே நல்லா ஓடும்னு சொன்னான்" என்றாள் மனைவி. "நல்லா ஓடுறது நல்லதுதானேன்னு நான் இருந்துட்டேன்."

சிடிக்காரர் எழுந்துபோய் அலமாரியின் அடித்தட்டில் துழாவினார். பழைய காலத்தில் மாப்பிள்ளை முகத்தில் அடித்தாற்போல் மறுத்த தகடு ஒன்று அங்கே கிடந்தது. போட்டார். முத்திரை வந்தது. எச்சரிக்கை வந்தது. முகப்புப் பக்கம் இசையோடு வந்து நின்றது. அவர் எடுக்கவில்லை. சற்று நேரத்தில் படம் தானாகவே தொடங்கிவிட்டது. யாரோ ஒரு பெண் மழையில் கதவைத் தட்டிக்கொண்டிருந்தாள். மூன்று பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நல்லதுன்னு நினைச்சுதான் அத்தான் பண்ணேன்" என்றான் மச்சான்.

"உன்னைச் சொல்லலை. சாப்பிடு."

ஓடவில்லை என்று சொன்னவர்களை யோசித்துப் பார்த்தார். இரண்டு மூன்று குரல்கள்தான் நினைவுக்கு வந்தன. சொல்லாமலே இருந்துவிட்டவர்கள் எத்தனை பேரோ. தாங்கள்தான் ஏதோ தப்பாக மாட்டிவிட்டோம் என்று நினைத்து அலமாரியில் வைத்திருப்பார்கள். மனைவி பார்க்கிறாளே என்று மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

அப்போது போன் அடித்தது. நன்றியம்மாதான்.

"அண்ணா, பதிவு கேட்டீங்களா?"

"கேட்டேம்மா. பாக்கறேன். நாளைக்குச் சொல்றேன்."

"சரிண்ணா. நன்றிண்ணா."

மனைவி குமிழ் உறையைக் கீழே வைத்தாள். "ஏன் சொல்லலை?"

"நாளைக்குச் சொல்றேன்."

"அவகிட்ட லென்ஸைத் துடைன்னு சொல்லும்போது மட்டும் வாய் நீண்டுச்சே."

மச்சான் ஏணியை எடுத்துக்கொண்டு சத்தம் போடாமல் வெளியே போனான்.

மறுநாள் காலையில் 'எங்கும் ஓடும்' என்ற வரியை இணையப் பக்கத்திலிருந்து ஒவ்வொன்றாக அழித்தார். மாப்பிள்ளையை வயரோடு கழற்றி, பழைய துண்டில் சுற்றி, பெட்டியில் வைத்தார். மனைவி மூடியை அழுத்திப் பிடித்துக்கொள்ள டேப் ஒட்டினார். பார்சல் அலுவலகத்தில் எடை போடுகிறவர், "என்னங்க, இன்னைக்குப் பெரிய இடத்துச் சம்பந்தம் போல இருக்கு" என்று கேட்டார். பணத்தைக் கட்டிவிட்டு வந்தார். மதியம் சாப்பிட்டார். நன்றியம்மாவின் ஊரில் விடிந்திருக்கும் என்று தெரிந்த பிறகு நாற்காலியிலிருந்து எழுந்து, நின்றுகொண்டு போன் செய்தார்.

"உங்க புது ப்ளேயர் நல்லாத்தான் இருக்கும்மா."

"அப்படியாண்ணா?"

"பழசும் நல்லாத்தான் இருந்துச்சு."

"அப்ப டிஸ்க் கெட்டுப்போச்சா?"

"டிஸ்க்கும் நல்லாத்தான் இருக்கு. அது உங்க ஊர்ல ஓடாதும்மா. ஓடும்னு நான்தான் தப்பாச் சொன்னேன். சொன்னதுமில்லாம பழியையும் உங்க மேல போட்டேன். எல்லா ஊர் டிஸ்க்கும் ஓடுற ப்ளேயர் ஒண்ணு இன்னைக்கு அனுப்பியிருக்கேன். அதுல ஓடும்."



"அம்மா தினமும் சாயங்காலம் தலை சீவிக்கிட்டு வந்து டிவி முன்னாடி உக்காந்தாங்க" என்றாள். "போன வாரத்தோட வலது கண்ணு போச்சு. இடதுல கொஞ்சம் இருக்கு."

குரலில் கோபம் இல்லை. பின்னால் வயதான குரல் ஒன்று, "யாரு, நீ சொல்ற அந்த அண்ணனா?" என்று கேட்டது.

"இல்லம்மா. கடைக்காரர்" என்றாள் அவள். பிறகு இவரிடம், "பார்சல் வந்தா பாக்கறேங்க" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

மனைவி தண்ணீர் கொண்டுவந்தாள். "அதான் சொல்லியாச்சுல்ல? உக்காருங்க" என்று நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

தண்ணீரை வாங்கிக் குடித்தார். உட்காரவில்லை.