குணசேகரம் அண்ணையும் கூருக்கு மேலிருந்த கல்வீடும்

சீனத்துப் பெருஞ்சுவரைக் கட்டியவர்கள் குணசேகரம் அண்ணையை ஒருநாள் கண்டிருந்தால், சாந்துக் கரண்டியைப் போட்டுவிட்டு வேறு தொழில் பார்க்கப் போயிருப்பார்கள். எகிப்துக்காரர் பிரமிட்டைச் சாய்வாகக் கட்டியதே அவரைப் போல நேராகச் சுவர் எழுப்பத் தெரியாத குறையால்தான். ராசாவைக் கேட்டால் அப்படித்தான் சொல்லுவான்.

எண்பத்தேழாம் ஆண்டு, சுவிஸில் கூர் நகரத்துக்கு மேலே ஒரு மலைக்கிராமத்தில், கிழவர் காஸ்பரின் பழைய பண்ணைவீட்டு மேல்தட்டில் அகதி விண்ணப்பம் கொடுத்த இவர்கள் இரண்டு பேரையும் குடிவைத்திருந்தார்கள். ராசாவுக்குப் பதினெட்டு வயது. சீனிப் போத்தலில் உப்பு நிரப்புவதுதான் முழுநேர வேலை. குணசேகரம் யாழ்ப்பாணத்து மேசன். வந்த கிழமையே வீட்டை முழத்தால் அளந்துவிட்டார். அடுப்படிப் பக்கம் இரண்டு முழத் தடிப்பில் கல். ஆட்கள் இருக்கிற அறைகள் முழுவதும் மரம். கல்லில் வைத்த யன்னல்கள் வெளியே ஒடுங்கி உள்ளே புனல் போல விரிந்திருந்தன. வெளிச்சம் வரவேண்டும், குளிர் வரக்கூடாது. உத்தரத்தில் 1683 என்று வெட்டியிருந்தது. முந்நூறு வருசத்துக்கு முந்தின மேசனை ஏசி ஏசி, வடக்குச் சுவரின் வெடிப்பைச் சுண்ணாம்புச் சாந்தால் தானே பூசினார். காஸ்பர் கூலி கொடுக்க வந்தபோது வாங்கவில்லை. பதிலுக்குச் சின்ன அறையைக் கேட்டார், மகன் குகதாசனுக்கு. அவன் ஊரிலிருந்து கொழும்புக்கு வந்து சேர்ந்தால் போதும், இங்கே எடுத்துவிடலாம் என்றிருந்தார். அறையைக் கூட்டித் துடைத்துக் கட்டிலும் போட்டாயிற்று.

செவ்வாய்க்கிழமை கீழே தொலைபேசி அடித்தது. ராசாதான் எடுத்தான். சூரிச்சிலிருந்து குணசேகரத்தின் தங்கை ஜெயகௌரி. ஷெல் விழுந்து குகதாசன் செத்துப்போனான். இதைப் போனில் சொல்லக்கூடாது, சனிக்கிழமை தானே வந்து பக்கத்தில் இருந்து சொல்வேன், அதுவரை அண்ணைக்குக் காட்டிக்கொள்ளாதே என்று அழுதழுது சொன்னாள்.

ராசா காட்டிக்கொள்ளவில்லை. அவருடைய சப்பாத்துக்குள் உருளைக்கிழங்கு வைத்தான். காஸ்பரின் மாடுகளை ஊர்ப் பெரியமனிதர்களின் பெயரால் கூப்பிட்டான். குணசேகரம் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். ராசா மாட்டுக்கொட்டிலுக்குப் பின்னால் போய்க் கொஞ்சநேரம் நின்றுவிட்டு வந்தான்.

வெள்ளிக்கிழமை அவனால் ஏலாமல் போயிற்று. மர அறைச் சுவரில், கூரையோரம், உள்ளங்கையளவு பலகை ஒன்று இருந்தது. வீட்டில் யாரும் செத்தால் உயிர் வெளியே போவதற்கு அதைத் திறப்பார்களாம், பிறகு மூடிவிடுவார்களாம். தன் மனைவிக்குத் தானே திறந்ததாகக் காஸ்பர் இவர்கள் இருவருக்கும் சொல்லியிருந்தார். குகதாசன் இந்த வீட்டில் சாகவில்லைதான். ஆனால் அவனுக்கென்று கட்டில் போட்டுவைத்திருந்த வீடு உலகத்தில் இது ஒன்றுதானே. ராசா கதிரையில் ஏறி, முளையைத் தட்டிக் கழற்றித் திறந்தான்.

குணசேகரம் வேலையால் வந்து தொப்பியைக் கழற்றினார். குளிர் எந்தப் பக்கத்தால் வருகிறது என்று மேசனுக்கு யாரும் காட்டத் தேவையில்லை.

"உதை ஆர் திறந்தது?"

"காத்துக்குத் திறந்திருக்கும் அண்ணை."

"முளை அடிச்ச பலகை காத்துக்குத் திறவாது."

ராசா கதிரையை அந்தப் பக்கம் தள்ளப் பார்த்தான்.

"காஸ்பர் கீழை வைக்கோல் போடுறார், கண்டிட்டுத்தான் வாறன். நீ முன்னாலை நிக்கிறாய். அப்ப உது ஆருக்குத் திறந்தது?" அவர் கதிரையைப் பிடித்துக்கொண்டார். "ஜெயகௌரி கோல் எடுத்தவளோ?"

"ஓம் அண்ணை."

"எப்ப?"

"செவ்வாய்க்கிழமை."



"அப்ப மூண்டு நாளாய் நீ தெரிஞ்சுகொண்டே என்னைச் சிரிக்க வைச்சனியோ, ராசா?"